இடுப்பு வலி மாத்திரையா? அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது வைரஸ் பற்றி. அதற்கு அடுத்தது இடுப்பு வலி. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர், எண்ணூர் வரை வீடுகளில் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இங்கே பலருடைய முதுகுக்குத் தினமும் இரண்டு ஷிப்ட். பகலில் துறைமுகத்திலோ, காசிமேட்டிலோ, தொழிற்சாலையிலோ குனிந்து நிமிரும் வேலை. இரவில் பிளாஸ்டிக் நாற்காலியில் மானிட்டர் முன்னால் இரண்டு மணி நேரம். மவுஸ் பக்கத்தில் தைல டப்பாவும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

"ண்ணா, இடுப்பு வலிக்கு நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிய அட்டை அது. அதில் என்ன மருந்து இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு புரோகிராமைப் பதியும் முன் அது என்ன செய்யும் என்று பார்க்கச் சொல்பவன். மருந்துக்கும் அதே பழக்கம் வேண்டும்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து

அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். சிறியதாக இருப்பதுதான் மருந்தின் பெயர். டோலோ 650 என்பது பாராசிட்டமால் 650 மி.கி. காம்பிஃப்ளாமில் இப்யூபுரோஃபென் 400 மி.கி.யும் பாராசிட்டமால் 325 மி.கி.யும் சேர்ந்திருக்கின்றன. ஜீரோடால்-பி என்பது அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். வலிக்குக் காம்பிஃப்ளாம் மூன்று வேளை. உடம்பு கனகனவென்று இருப்பதால் டோலோ நான்கு. மூக்கு ஒழுகுவதால் 500 மி.கி. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை இரண்டு. மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். பாராசிட்டமாலை மட்டும் கூட்டினால் 975 + 2600 + 1000 = 4575 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாள் உச்ச வரம்பு 4000 மி.கி. தான். மது அருந்துபவருக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவருக்கும் இன்னும் குறைவு. வரம்பு மீறினால் கெடுவது கல்லீரல். வலிக்கு வாங்கிய மருந்து இப்படித்தான் வினையாகிறது.

காம்பிஃப்ளாமுடன் ஜீரோடால்-பி சேர்ப்பதும் தவறு. இப்யூபுரோஃபெனும் அசெக்ளோஃபெனாக்கும் ஒரே இனம். ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டி வைரஸ் பதிந்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, சிஸ்டம்தான் திணறும். இங்கே திணறுவது வயிறும் சிறுநீரகமும்.

எதை முதலில் தேர்ந்தெடுப்பது?

1. வெந்நீர் ஒத்தடம்: அமெரிக்க உள்மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மருந்துக்கு முன் வெப்ப ஒத்தடத்தைச் சொல்கிறது. துணி சுற்றிய வெந்நீர்ப் பை, 15 முதல் 20 நிமிடம். படுத்தே கிடக்க வேண்டாம். முடிந்த அளவு நடமாடுங்கள்.

2. தைலம், ஜெல்: 1893இல் நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம் முதல் இன்றைய டியூப்கள் வரை பலவும் தடவிய இடத்தில் குளிர்ச்சியோ சூடோ உணர வைத்து இதம் தருபவை. வோலினி போன்ற ஜெல்லில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் உண்டு. தடவினால் இரத்தத்தில் கலப்பது மாத்திரையை விடக் குறைவு. புண் மேல் தடவக் கூடாது. தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும். கையைக் கழுவிய பிறகே கீபோர்டைத் தொடுங்கள். அதே கை கண்ணுக்கும் போகும்.

3. பாராசிட்டமால்: காய்ச்சலுக்கு நல்ல மருந்து. இடுப்பு வலிக்கு? 2014இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில் 1,652 பேர் கலந்துகொண்டனர். பாராசிட்டமால் எடுத்தவர்களுக்கு வலி தீர 17 நாள். மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 16 நாள். அதாவது, பெரும்பாலான வலியை நாட்களே தீர்க்கின்றன.

4. இப்யூபுரோஃபென்: மாத்திரைதான் வேண்டும் என்றால் இந்த இனம் சற்றுப் பலன் தரும். சாப்பிட்ட பின், குறைந்த அளவில், சில நாட்கள் மட்டும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. மழைக்காலத்தில் காய்ச்சலோடு உடம்பும் இடுப்பும் வலித்தால் டெங்குவாக இருக்கலாம். அப்போது இப்யூபுரோஃபென், ஆஸ்பிரின் இரண்டுமே ஆபத்து.

வலி மாத்திரைதானே என்று அலட்சியம் வேண்டாம். ரோஃபெகாக்சிப் என்ற பிரபலமான வலி மருந்தை, மாரடைப்பு அபாயம் தெரிந்ததும் 2004இல் தயாரித்த கம்பெனியே உலகெங்கும் திரும்பப் பெற்றது.

இடுப்பு பெல்ட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். நாள்பட்ட வலிக்கு அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டி.

கம்ப்யூட்டர் எப்படி உதவும்?

* தேடும்போது கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை டைப் செய்யுங்கள். விளம்பரம் குறையும், விவரம் கூடும்.

* 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் க்யூஆர் கோடு கட்டாயம். செல்போனில் ஸ்கேன் செய்தால் மருந்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், காலாவதித் தேதி தெரியும்.

* அட்டையின் இடப்பக்கம் சிவப்புக் கோடும், ஆர்எக்ஸ் குறியும் இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு மட்டுமே உரியது. டைக்ளோஃபெனாக் மாத்திரை இந்த வகை. கடையில் கேட்டவுடன் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

* மருந்தின் பெயர் தெரிந்தால் பணமும் மிச்சம். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் அதே மருந்து குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

* மருந்தால் பக்க விளைவு வந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் தெரிவிக்கலாம்.

கடைக்குப் போகக் கூடாத வலி

சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம். தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல். கால் பலவீனம் இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரம். உடனே ஸ்டான்லி அரசு மருத்துவமனை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். காய்ச்சலுடன் வலி, கீழே விழுந்த பின் வலி, காரணமின்றி எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்தவருக்கு வரும் வலி இவற்றையும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாவிட்டாலும் சில வாரங்களில் குறையாத வலிக்கு டாக்டர் தேவை.

மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். பாதம் தரையில் பதியட்டும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள். இன்று கம்ப்யூட்டரை ஆஃப் செய்ததும் வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து, சிறிய எழுத்தில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அந்த அட்டைகளில் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள்.