மிதிவண்டி முன்கவைக் கிறீச்சொலி

மிதிவண்டி முன்கவைக் கிறீச்சொலி என்பது அதிர்வுதாங்கும் முன்கவை (சஸ்பென்ஷன் போர்க்) கொண்ட மலை மிதிவண்டிகளில் முன்பக்கத்திலிருந்து எழும் உராய்வு ஒலியாகும். பிரேக் பிடிக்கும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், எழுந்து நின்று மிதிக்கும்போதும் இது கேட்கும். பெரும்பாலும் கிரீஸ் வற்றியதோ ஒரு போல்ட் தளர்ந்ததோ இதற்குக் காரணமாக இருக்கும். சில வேளைகளில் முன்கவையின் தலைப்பகுதி இணைப்பு தளர்ந்திருப்பதை இந்த ஒலி காட்டுகிறது. முதல் வகையை வீட்டிலேயே சரிசெய்யலாம். இரண்டாம் வகைக்கு உறுப்பை மாற்றுவதே தீர்வு. ஆகவே ஒலி பிறக்கும் இடத்தை முதலில் கண்டறிவது பணத்தையும் பாதுகாப்பையும் காக்கும்.

அமைப்பு

அதிர்வுதாங்கும் முன்கவைகள் 1990களில் மலை மிதிவண்டிகளில் பரவலாயின. பால் டர்னர் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ராக்ஷாக்ஸ் நிறுவனம் இதில் முன்னோடி. இந்தியாவில், 1949இல் தொடங்கப்பட்ட சென்னையின் டிஐ சைக்கிள்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் சுருள்வில் (ஸ்பிரிங்) முன்கவை கொண்ட வண்டிகளைக் குறைந்த விலையிலும் விற்கின்றன.

முன்கவையின் முக்கிய உறுப்புகள்:

• தண்டுக்குழாய் (ஸ்டீரர்): சட்டகத்தின் தலைக்குழாய்க்குள் நுழைந்து கைப்பிடியுடன் இணைவது.
• தலைப்பகுதி (கிரவுன்): தண்டுக்குழாயையும் இரு மேற்குழாய்களையும் பிடித்திருக்கும் குறுக்குக்கட்டை.
• மேற்குழாய்கள் (ஸ்டாஞ்சன்): வழவழப்பான இரு குழாய்கள்.
• கீழ்க்கால்கள் (லோயர்): மேற்குழாய்களின் மீது ஏறி இறங்குபவை. இவற்றின் உள்ளே புஷ்களும், வாய்ப்பகுதியில் தூசித்தடுப்பு வளையங்களும் (சீல்) இருக்கும்.

ஒலி எழும் விதம்

இறுக்கமாக ஒட்டியிருக்கும் இரு பரப்புகள் விசை கூடும்போது சட்டென்று நழுவி, மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. இது நொடிக்குப் பலமுறை நிகழ்வதால் ஒலி பிறக்கிறது. கதவுக் கீல் முனகுவதும் இப்படித்தான். உலோகக் குழாய்கள் ஒலியைக் கடத்துவதால், சக்கர அச்சில் எழும் சத்தம் கைப்பிடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். காதை மட்டும் நம்பி முடிவுசெய்தால் நல்ல உறுப்பை மாற்ற நேரிடும்.

மூலத்தைக் கண்டறிதல்

செலவு குறைந்த இடத்திலிருந்து சோதனையைத் தொடங்க வேண்டும்.

1. முன்சக்கரம்: அச்சு இறுக்கத்தையும், பிரேக் போல்ட்டுகளையும், கேபிள் எங்காவது உரசுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முடிந்தால் வேறு சக்கரம் மாட்டிப் பார்க்கலாம்.
2. கைப்பிடி: முன்சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு கைப்பிடியை மெதுவாகத் திருப்ப முயல வேண்டும். அப்போது ஒலித்தால் கைப்பிடிக்கும் ஸ்டெம்முக்கும் இடையே அழுக்கோ தளர்வோ இருக்கலாம்.
3. தலைக்குழாய்: முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். தலைக்குழாயின் கீழ்விளிம்பில் விரல் வைத்தால், பேரிங் (ஹெட்செட்) தளர்ந்திருப்பது ஆட்டமாகத் தெரியும்.
4. கால்கள்: கைப்பிடியை நேராகக் கீழே அழுத்த வேண்டும். ஏறி இறங்கும்போது மட்டும் ஒலித்தால் சீல், புஷ் அல்லது சுருள்வில் காரணம்.
5. தலைப்பகுதி: மேலே கண்ட எல்லாம் சரியாக இருந்தும், பிரேக் பிடித்து ஆட்டும்போது தலைப்பகுதியும் குழாய்களும் சேருமிடத்தில் விரலுக்கு ‘டிக்’ என்ற துடிப்பு தெரிந்தால் அந்த இணைப்பே காரணமாக இருக்கலாம்.

சரிசெய்தல்

பேரிங் தளர்ந்திருந்தால் மேல்மூடி போல்ட்டை மட்டும் இறுக்கிப் பயனில்லை. முதலில் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். பின்னர் ஆட்டம் நிற்கும் வரை மேல்மூடியை மெல்ல இறுக்கி, கைப்பிடியை நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகளை முறுக்க வேண்டும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது ஸ்டெம்மிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பொதுவாக 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். பேரிங் சொரசொரப்பாகச் சுழன்றால் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் இட வேண்டும்; துருப்பிடித்திருந்தால் மாற்ற வேண்டும்.

கால்களில் ஒலி என்றால் கீழ்க்கால்களைக் கழற்றி, சீல்களைத் துடைத்து, உற்பத்தியாளர் குறிப்பிடும் எண்ணெயோ கிரீஸோ இட வேண்டும். ராக்ஷாக்ஸ் தனது முன்கவைகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை இந்தப் பராமரிப்பைப் பரிந்துரைக்கிறது. விலை குறைந்த சுருள்வில் முன்கவைகளில், வில்லுக்குக் கிரீஸ் பூசினாலே பல நேரம் சத்தம் அடங்கிவிடும்.

தலைப்பகுதி ஒலி

பெரும்பாலான நடுத்தர, உயர்விலை முன்கவைகளில் தலைப்பகுதிக்குள் குழாய்கள் அழுத்திச் செருகப்பட்டிருக்கும். துளை குழாயைவிட நூலளவு சிறியதாக இருப்பதால் அந்த இறுக்கமே இணைப்பைப் பிடித்திருக்கிறது. தொடர்ந்த பிரேக் விசையாலும் மோதலாலும் இறுக்கம் குறையும்போது நுண்ணிய நழுவல் தொடங்குகிறது. இணைப்பில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் ஒலி சில நாள் அடங்கும். மூலத்தை உறுதிசெய்ய இது உதவும். ஆனால் இது பழுதுபார்ப்பு ஆகாது.

பற்றவைப்பதும் கூடாது. வெப்பப்பதம் செய்யப்பட்ட அலுமினியம் பற்றவைக்கும் சூட்டில் வலிமை இழக்கும். தலைப்பகுதி, தண்டுக்குழாய், மேற்குழாய்கள் மூன்றும் சேர்ந்த தொகுதியையே மாற்ற வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் ஒலி எழுந்தால் முதலில் விற்பனையாளரிடம் காட்டுவது நல்லது. கிறீச்சொலி எழுவதாலேயே முன்கவை உடனே முறிந்துவிடாது. ஆனால் இணைப்பருகே மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ, ஆட்டம் கண்ணுக்குத் தெரிந்தாலோ வண்டியை ஓட்டக் கூடாது. தண்டுக்குழாய் முறிந்தால் கைப்பிடி முழுவதும் கட்டுப்பாட்டை இழக்கும்.

திருப்பூர்ப் பகுதியில் கவனிக்க வேண்டியவை

பின்னலாடை நகரமான திருப்பூரில் எளிதில் கைக்குக் கிடைக்கும் இரு பொருள்கள் இந்தப் பராமரிப்பில் தொடர்புடையவை. ஒன்று நிட்டிங் மெஷின் எண்ணெய். துணியில் கறை தங்காதபடி, கழுவினால் போகும் வகையில் தயாரிக்கப்படும் இது ஊசிகளுக்கு ஏற்றது. மழையிலும் சேற்றிலும் ஓடும் மிதிவண்டியின் பேரிங்குக்கோ நீரில் கரையாத கெட்டி கிரீஸ் வேண்டும்.

மற்றொன்று பனியன் வேஸ்ட். மென்மையான பருத்தித் துணியாதலால் மேற்குழாய்களைக் கீறாமல் துடைக்க நல்லது. ஆனால் வெட்டு விளிம்பிலிருந்து உதிரும் பஞ்சு கிரீஸில் ஒட்டி, தூசியைப் பிடித்து, சீல்களுக்குள் நுழையும். துடைத்தபின் பஞ்சு தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கிரீஸ் இட வேண்டும். எண்ணெய் பட்ட துணியால் பிரேக் டிஸ்க்கையோ ரிம்மையோ துடைக்கக் கூடாது. சத்தத்தை நிறுத்தப்போய் பிரேக் பிடிக்காமல் போய்விடும்.