பத்தனையில் தீ: செயற்கைக்கோள் சொல்வதும் சொல்லாததும்

மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர போகும் வழியில், றிவஸ்டனைத் தாண்டினால் பிட்டவல பத்தனை என்னும் புல்வெளி வரும். வறட்சியில் நக்கிள்ஸ் மலைச்சரிவுப் புல் காய்ந்துவிட்டால் அணைக்காத பீடித் துண்டு ஒன்றே போதும். மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கிற தீ, வேட்டைக்காரர் வைக்கிற தீ, சுற்றுலா வந்தவர்கள் அணைக்காமல் விட்டுப்போகும் அடுப்பு என்று காரணங்கள் பல. யார் என்று தெரியாதபோது பக்கத்து லயத்தின் மீதோ கிராமத்தின் மீதோ பழி எளிதாக விழும்.

இப்போது அந்தப் பழிக்குத் துணையாக ஒரு படத்தையும் காட்டலாம். நாசாவின் ‘ஃபேர்ம்ஸ்’ தளம், செயற்கைக்கோள் கடந்து சுமார் மூன்று மணித்தியாலத்துக்குள் தீயைச் செம்புள்ளியாக எல்லோருக்கும் இலவசமாகக் காட்டுகிறது. நல்ல வசதிதான், படிக்கத் தெரிந்தால்.

ஒரு புள்ளியின் தரவில் நேரம் 08:00 என்று இருக்கிறது என்று வையுங்கள். அது கிரீன்விச் நேரம். ஐந்தரை மணித்தியாலம் கூட்டினால் நமக்குப் பகல் 1.30. இது தெரியாமல், காலை எட்டு மணிக்குப் புல் அறுக்கப் போனவரைச் சந்தேகிப்பது அநியாயம். இடமும் அப்படித்தான். செயற்கைக்கோளில் உள்ள ‘விர்ஸ்’ கருவியின் புள்ளி ஏறத்தாழ 375 மீற்றர் சதுரத்தின் நடுவைக் குறிக்கிறது. அதற்குள் காடு, தேயிலை, லயம் மூன்றும் அடங்கலாம். அக்கருவி பகலும் இரவும் 1.30 அளவில்தான் கடக்கிறது. மூன்று மணிக்குப் பற்றி ஐந்துக்கு அணைந்த புல்தீ அதன் கண்ணில் படாமலே போகலாம்.

எரிந்த பரப்பை அறிய ஐரோப்பாவின் சென்ரினல்-2 படங்கள் மேல். 10 முதல் 20 மீற்றர் நுணுக்கம் உண்டு. பச்சைப் புல் அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பும், கரி திருப்பாது. முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் கருகிய எல்லை தெரியும். ஆனால் மேகம் மூடினால் பயனில்லை, மழை பெய்தால் புல் துளிர்த்துத் தடமும் மறையும். ஆகவே திகதியோடு கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது அவசியம்.

ஒதுக்கக் காட்டில் தீ வைப்பது வனக் கட்டளைச் சட்டப்படி குற்றம். நக்கிள்ஸ் 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதி. அதை எரிப்பவர் தண்டிக்கப்படவே வேண்டும். ஆனால் யார் வைத்தார் என்பதற்குச் செம்புள்ளி சாட்சியாகாது. உங்கள் மீது பழி வந்தால், எந்தச் செயற்கைக்கோள், எந்த நேரம், எத்தனை மீற்றர் பிழை என்று கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் தீ அறிக்கையையும் வரைபடத்தையும் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு. தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது.

தீயைக் கண்டவுடன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். தளத்தில் புள்ளி வரும்வரை காத்திருக்காதீர்கள்.