ஈரற் கொழுப்பும் துணைச் சத்துக்களும்

மது அருந்தாதார் ஈரலிலும் கொழுப்பு மிகுந்து படிதல் உண்டு. இந்நோய்க்கென விற்கப்படும் துணைச் சத்துக்களுள் நன்கு ஆராயப்பட்டது விற்றமின் ஈ ஆகும். 2010இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், ஈரலழற்சியுற்ற, நீரிழிவில்லாத நோயாளருக்கு நாளொன்றுக்கு 800 அலகு வீதம் 96 வாரம் அது கொடுக்கப்பட்டது. நூற்றுக்கு 43 பேரிடம் நோய் தணிந்தது. போலிக் குளிகை உண்டோரிடம் 19 பேருக்கே தணிந்தது. எனினும், ஈரலின் தழும்பு குறைந்ததென நிறுவப்படவில்லை. மேலும், நாடோறும் 400 அலகு உண்ட ஆடவரிடையே புரொஸ்டேற் சுரப்பிப் புற்றுநோய் மிகுந்தமையை 2011இல் பிறிதோராய்வு காட்டிற்று. பருத்தோர் உடல் நிறையில் நூற்றுக்கு 7 முதல் 10 பங்கு குறைப்பின், கொழுப்பும் அழற்சியும் தணியும். சிலரிடம் தழும்பும் குறையும். ஆதலின் அளவான உணவும் உடலுழைப்புமே தலையாய மருந்தாகும். குளிகையோ, மருத்துவர் பணித்தவிடத்துத் துணையாவதன்றி, அவற்றுக்கு ஈடாகாது.