கோடையும் டயர்க் காற்றும்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்சிலிருந்து லாஸ் வேகாஸ் செல்லும் நெடுஞ்சாலை மொகாவிப் பாலைவனத்தைக் கடந்து செல்கின்றது. கோடையில் அங்கு வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. அவ்வழியே காரின் பின்னே டிரெய்லரை இழுத்துச் செல்வோர் டயர்களைக் கருத்துடன் பேணுதல் வேண்டும்.

அடைபட்ட காற்று சூடேறினால் அதன் அழுத்தம் மிகும். 27 டிகிரியில் சதுர அங்குலத்திற்கு 65 பவுண்டு அழுத்தமுள்ள டயர், 57 டிகிரியில் ஏறத்தாழ 73 பவுண்டு காட்டும். இதனைக் கண்டு அஞ்சிச் சிலர் வழியிலேயே காற்றைத் திறந்துவிடுவர். அது பெருந்தவறு. இவ்வுயர்வைத் தாங்குமாறே டயர் செய்யப்பட்டுள்ளது. காற்றுக் குறைந்த டயரோ பாரத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் மிகுதியாக மடங்கி நிமிர்கின்றது. அதனால் உள்ளே வெப்பம் பெருகும்; ரப்பர் அடுக்குகள் பிரியும்; டயர் வெடிக்கும். பின்னே வரும் டயர் தளர்வதை ஓட்டுபவர் எளிதில் உணரார். டிரெய்லர் கவிழவும் கூடும்.

ஆதலின், பயணம் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்பொழுதே அழுத்தத்தை அளந்து, குறித்த அளவுக்குக் காற்றடைத்தல் வேண்டும். பாரமும் வேகமும் வரம்பு மீறலாகாது. வெடிப்பைத் தடுக்கும் வழி காற்றைக் குறைப்பதன்று. உரிய அளவில் நிறைப்பதேயாம்.