ஒரு லீக் போதும், நாலு பிரேக்கும் காலி: பழைய மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டரை ஏன் மாத்துறாங்க?

1965, 1966 மாடல் ஃபோர்டு மஸ்டாங்கை ரசிக்காத கார் பிரியர்கள் குறைவு. ஆனால் பானெட்டைத் திறந்தால் ஒரு சிக்கல் தெரியும். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே ஒரு ஆயில் அறைதான்!

அதனால என்ன?

பெடலை மிதித்தால், மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலை அழுத்தும். அந்த அழுத்தம் குழாய்கள் வழியாக நாலு சக்கரங்களுக்கும் போகும். ஆனால் எல்லாம் ஒரே இணைப்பு. எங்கேயாவது ஒரு ஹோஸ் வெடித்தால், அழுத்தம் முழுக்க அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. மிஞ்சுவது பார்க்கிங் பிரேக் மட்டும்தான்.

தீர்வு என்ன?

இரட்டை மாஸ்டர் சிலிண்டர். உள்ளே இரண்டு பிஸ்டன்கள், மேலே இரண்டு அறைகள். முன் சக்கரங்களுக்கு ஒன்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. கேடிலாக் 1962-லேயே இதைக் கொண்டு வந்தது. மஸ்டாங்குக்கு 1967 மாடலில் வந்தது. 1968-ல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி கார்களுக்கு இரட்டை அமைப்பைக் கட்டாயமாக்கியது.

பெரிய சிலிண்டர் போட்டால் பிரேக் நல்லா பிடிக்குமா?

இல்லை, நேர் எதிர். உள்விட்டம் 1 அங்குலத்துக்குப் பதில் 7/8 அங்குலம் என்றால், அதே மிதிக்கு அழுத்தம் சுமார் 30% கூடும். ஆனால் அதே அளவு ஆயிலைத் தள்ள, பெடலும் சுமார் 30% அதிகம் இறங்கணும். ரொம்பச் சின்னதாகப் போட்டால், தேவையான ஆயில் போய்ச் சேர்வதற்குள் பெடல் தரையைத் தொட்டுவிடும்.

எங்கே தப்பு நடக்கும்?

* டிரம் பிரேக்குக்கான சிலிண்டரில், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கும் வால்வு இருக்கலாம். முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாற்றியவர்கள் அதை அப்படியே விட்டால், டிஸ்க் உரசிச் சூடாகும்.
* பவர் பிரேக்குக்கான சிலிண்டரில் புஷ் ராடு உட்காரும் குழி ஆழம் குறைவு. அதைச் சாதாரண பிரேக்கில் போட்டால் ராடு நழுவ வாய்ப்பு உண்டு.
* டாட் 5 சிலிகான் ஆயிலை டாட் 3, டாட் 4 ஆயிலுடன் கலக்கவே கூடாது.
* பழைய ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்தே மாத்திடுங்க.

இரட்டை சிலிண்டர் போட்டதால் மட்டும் கார் சீக்கிரம் நின்றுவிடாது. ஒரு பக்கம் கைவிட்டால், இன்னொரு பக்கம் கைகொடுக்கும். செலவு செய்வது அந்த இரண்டாவது வாய்ப்புக்குத்தான்.