கழுவேலிப் பறவைகளும் நம் நெல் வயலும்

விழுப்புரம் மாவட்டம் மரக்காணம், வானூர் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவேலி ஏரி, கழிமுகம் வழியே வங்கக் கடலோடு தொடர்புடையது. மழைநீரும் உவர்நீரும் மாறி மாறி நிற்பதால் மீனும் நத்தையும் ஏராளம். இவற்றைத் தேடிக் குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து முதலியவை வருகின்றன. அவற்றைக் காண விடுமுறையில் வெளியூர் மக்களும் வருகின்றனர். 2021-ல் பறவைகள் சரணாலயமான இவ்வேரி, 2024-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

'இதனால் நமக்கென்ன லாபம்?' என விவசாயிகள் கேட்கலாம். உண்ணிக்கொக்கு உழவின்போது புழுக்களையும் வெட்டுக்கிளிகளையும் தின்கிறது. ஆந்தை எலிகளைப் பிடிக்கிறது. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாகிறது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. நட்ட வயலில் எக்டருக்கு 40 முதல் 50 வரை 'T' வடிவக் குச்சிகளை நட்டால் ஆந்தைகள் அமர்ந்து எலி பிடிக்கும். கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் குச்சிகளை அகற்றி, மினுங்கும் நாடா கட்டினால் தானியம் தின்னும் பறவைகள் ஒதுங்கும்.

2. பூச்சியின் சேதம் பொருளாதார சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்து தெளிக்கவும். குருணை மருந்தைத் தானியமென்று கொத்தும் பறவை இறந்துவிடும்.

3. மருந்திட்ட வயலின் நீரை உடனே வடிக்கலாகாது. தெளிப்பானை வாய்க்காலில் கழுவவும் கூடாது. அந்நீர் சேருமிடம் ஏரி. அங்குள்ள மீன் நம் வீட்டு உணவு.

4. விஷம் வைத்துப் பறவை பிடிப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவ்விறைச்சி உண்பவர் உயிருக்கும் ஆபத்து.

ஏரி நஞ்சானால் பறவை வேறிடம் போய்விடும். நமக்கோ வேறு ஏரி இல்லை.