'தொபுக்கடீர்' கோட்டை!

ஒரு குளம். குளத்துக்கு நடுவே வரிசையாகப் பாறைகள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாறை மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டி ஓட வேண்டும். அவ்வளவுதான் போட்டி. இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? சில பாறைகள் நிஜமாகவே ஊன்றி நிற்பவை. சில வெறும் மிதவைகள்! எது ஊன்றியது, எது மிதப்பது என்று பார்த்தால் தெரியாது. கால் வைத்தால்தான் தெரியும். தெரிந்த அடுத்த நொடி... தொபுக்கடீர்!

தலையில் ஹெல்மெட், முழங்காலில் பட்டை எல்லாம் கட்டிக்கொண்டு, வீர வசனம் பேசிவிட்டு ஓடிவந்த அந்த அண்ணன், சேற்று நீரைத் துப்பிக்கொண்டு எழுந்து நிற்பார். கல்லாகிக் கிடக்கும் எங்கள் திருவக்கரை மரங்கள்கூட அதைப் பார்த்தால் சிரித்துவிடும்!

உங்கள் அண்ணன், அக்கா, சித்தப்பா யாரையாவது கேட்டுப் பாருங்கள். "அட, டகேஷி கோட்டை!" என்பார்கள். 2000-களில் 'போகோ' சானலில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம் ஊரிலும் ஏராளம். ஆனால், அவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அவர்கள் வாய்விட்டுச் சிரித்த அந்த நிகழ்ச்சி, அவர்களுக்கு முந்தைய தலைமுறைச் சரக்கு!

ஜப்பானில் டி.பி.எஸ். தொலைக்காட்சி, 1986 முதல் 1989 வரை இதை ஒளிபரப்பியது. யோகோஹாமா நகரில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய படப்பிடிப்பு வளாகம் இருக்கிறது. அங்கேதான் குளம் வெட்டி, பாலம் கட்டி, கோட்டை எழுப்பினார்கள். கோட்டைக்கு ராஜா, டகேஷி. அவரைப் பிடிக்கப் படை திரட்டி வரும் தளபதி, ஹயாடோ டானி என்ற நடிகர். படை வீரர்கள் யார்? உங்களையும் என்னையும் போன்ற சாதாரண ஜனங்கள்! ஒவ்வொரு வாரமும் சுமார் 100 பேர் வருவார்கள். ஒவ்வொரு போட்டியிலும் கொத்துக் கொத்தாக விழுந்து வெளியேறுவார்கள்.

போட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு குறும்பு. ஒன்றில், ஓடிவந்து கதவுகளை மோதித் திறக்க வேண்டும். சில கதவு திறக்கும்; சில கதவு மூக்கை உடைக்கும். இன்னொன்றில், ஆடும் கயிற்றுப் பாலத்தில் கையில் பந்துடன் நடக்க வேண்டும். எதிரிலிருந்து பந்துகளால் சுட்டுக்கொண்டே இருப்பார்கள். வேறொன்றில், பெரிய சோற்றுக் கிண்ணம் போன்ற ஒன்றில் உட்கார்ந்து தண்ணீர்ச் சரிவில் சறுக்கி வர வேண்டும், கவிழாமல்! (சோற்றுக் கிண்ணத்தைப் படகாக்கி ஆற்றில் போன கட்டைவிரல் அளவுப் பையன் ஒருவனின் பழங்கதை ஜப்பானில் உண்டு. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் போட்டியைப் பார்த்ததும் அது ஞாபகம் வந்திருக்கும்.) கடைசியில் மிஞ்சுகிற ஒரு சிலர்தான் வண்டிகளில் ஏறிக் கோட்டையைத் தாக்குவார்கள். வென்றால் பரிசு, 10 லட்சம் யென். ஆனால், கோட்டை விழுந்த வாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்!

'விழுவதைப் பார்க்க ஒரு நிகழ்ச்சியா?' என்று முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு ஒரு கேள்வி. கோகுலாஷ்டமிக்கு வழுக்கு மரம் நடுகிறோமே, அது என்னவாம்? எண்ணெய் தடவிய மரத்தில் ஒருவர் ஏற, கீழே இருப்பவர்கள் தண்ணீரை வாரி இறைக்க, அவர் சர்ரென்று சறுக்கி விழ, ஊரே கைகொட்டிச் சிரிக்கிறதே! உறியடியும் அப்படித்தான். டகேஷி கோட்டையைச் சீக்கிரத்தில் புரிந்துகொண்டவர்கள் வழுக்கு மரம் பார்த்த நம்மூர்ப் பிள்ளைகளாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சரி, இந்தியாவுக்கு அது வந்தபோது என்ன நடந்தது? படம் ஜப்பானியர்களுடையது. குரல் மட்டும் மாறியது. இந்தி நடிகர் ஜாவேத் ஜாஃப்ரி நேர்முக வர்ணனை கொடுத்தார். 'ஷோலே' படத்தில் சூர்மா போபாலியாக நடித்துச் சிரிக்க வைத்த ஜக்தீப்பின் மகன் இவர். மிதவையில் கால் வைத்து விழும் ஜப்பானியருக்கு இந்தி சினிமா நட்சத்திரத்தின் பெயரைச் சூட்டுவார். விழுந்தவர் ஏன் விழுந்தார் என்று தானாக ஒரு கதை கட்டுவார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தி 'ஏக், தோ'வுக்கு மேல் தெரியாது. இருந்தும், அந்தக் குரல் ஏறி இறங்கும் விதத்துக்கே உருண்டு புரண்டு சிரிப்பார்கள். விளம்பரம் வந்தால் அதே குரலில் தங்களுக்குள் தமிழில் வர்ணனை தொடரும்!

இதே படத்தை இங்கிலாந்தில் 2002-ல் காட்டியபோது, அங்கே கிரெய்க் சார்ல்ஸ் என்ற நடிகர் ஆங்கிலத்தில் கிண்டலடித்தார். அமெரிக்காக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2003-ல் படத்தை வெட்டி ஒட்டி, அதில் வருபவர்களுக்கு வேறு பெயர், வேறு தொழில், வேறு கதை என்று எல்லாவற்றையும் மாற்றி, புது நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால், அது கொஞ்சம் அதிகம். பாவம், அவ்வளவு தூரம் வந்து சேற்றில் விழுந்தவருக்குத் தன் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை!

ஆக, விழுவது ஒரே ஆள். சிரிப்பு மட்டும் ஊருக்கு ஒரு மாதிரி. இது எப்படி?

இதற்கு விடை வேண்டுமானால் அந்த டகேஷி ராஜாவின் பழைய வேலையைப் பார்க்க வேண்டும். டகேஷி கிடானோ 1947-ல் டோக்கியோவில் பிறந்தவர். 1970-களில் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, 'டூ பீட்' என்ற பெயரில் மேடையில் 'மன்சாய்' செய்து பிரபலமானவர். (பிற்பாடு சினிமா இயக்குநராகி, 'ஹனா-பி' என்ற படத்துக்காக 1997-ல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கம் விருதையே வாங்கிவிட்டார்! சேற்றில் ஆட்களைத் தள்ளிய மனிதரா இவர் என்று உலகமே மூக்கில் விரல் வைத்தது.)

மன்சாய் என்றால் என்ன? இரண்டு பேர் நின்று பேசுவது. அவ்வளவுதான். ஒருவர் 'போக்கே'. அதாவது, ஏடாகூடமாகப் பேசுபவர். எதையும் தப்பாகப் புரிந்துகொள்பவர். மற்றவர் 'சுக்கோமி'. "என்னய்யா உளறுகிறாய்?" என்று இடித்துச் சொல்பவர். சில சமயம் மடிப்பு மடிப்பான பெரிய காகித விசிறியால் போக்கேயின் தலையில் 'பட்'டென்று ஒன்று போடுவார். சத்தம் பலமாகக் கேட்கும், வலிக்கவே வலிக்காது. பழங்காலத்தில் புத்தாண்டின்போது வீடு வீடாகப் போய், ஆடிப்பாடி வாழ்த்துச் சொன்ன ஜோடிகளிடமிருந்து வந்த கலை இது. 1930-களில் ஒசாகா நகரில் எந்தாட்சு, அச்சாகோ என்ற ஜோடி கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, பாட்டை எல்லாம் விட்டுவிட்டு, வெறும் பேச்சை மட்டும் வைத்துச் சிரிக்க வைத்தார்கள். அதிலிருந்து இன்றைய மன்சாய் வளர்ந்தது.

படிக்கும்போதே உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்குமே! செந்தில்தான் போக்கே. கவுண்டமணிதான் சுக்கோமி! 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். செந்தில் சொல்வது மட்டும் இருந்தால், அது வெறும் உளறல். அதைக் கேட்டுக் கவுண்டமணிக்கு ஏறுகிறதே கோபம், அங்கேதான் நாம் சிரிக்கிறோம். காகித விசிறிக்குப் பதிலாக உதை, அதுதான் வித்தியாசம்!

சினிமா வருவதற்கு முன்பே எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இந்த வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. தெருக்கூத்துக் கட்டியங்காரன்! திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். இருவர் திரை பிடிக்க, அதன் பின்னால் கிரீடம் தெரிய ராஜா வந்து நிற்பார். கட்டியங்காரன் போய், "யாருப்பா நீ? எந்த ஊரு?" என்பான். துரியோதன மகாராஜாவையே! ராஜா கம்பீரமாகப் பாடுவார். கட்டியங்காரன் அதை நம்மூர்ப் பேச்சில் ஜனங்களுக்குச் சொல்வான். சொல்லும்போதே காலை வாரிவிடுவான். முன்வரிசையில் சாக்கு விரித்துத் தூங்கிப்போன பிள்ளைகள் எல்லாம் அவன் குரல் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ராஜாவுக்கும் நமக்கும் நடுவில் நிற்பவன் கட்டியங்காரன். விழுகிறவருக்கும் நமக்கும் நடுவில் நிற்பவர் வர்ணனையாளர். ஜாவேத் ஜாஃப்ரி செய்தது கட்டியங்காரன் வேலைதான்.

நடுவில் நிற்கும் குரல் கொஞ்சம் வாய்த்துடுக்காகிவிட்டால்? ஷின்-சான் கதைதான்! யோஷிடோ உசுய் 1990-ல் படக்கதையாக வரைந்த இந்த ஐந்து வயதுப் பயல், 1992-ல் ஜப்பான் தொலைக்காட்சிக்கு வந்தான். 2006-ல் இந்தியாவின் 'ஹங்காமா' சானலுக்கு வந்தான். பிள்ளைகள் அம்மாவை அவன் மாதிரியே எதிர்த்துப் பேசுகிறார்கள் என்று புகார் கிளம்ப, 2008-ல் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டு, பிறகு கத்தரி போட்டுத் திரும்பி வந்தது. ஜப்பான் பெற்றோருக்கும் அவன் மேல் இதே வருத்தம்தான். நாடு வேறானாலும் அம்மாக்கள் ஒன்று!

நாம் மட்டும்தான் அவர்களைப் பார்த்துச் சிரித்தோம் என்று நினைக்காதீர்கள். ரஜினிகாந்த் நடித்த 'முத்து' (1995), 1998-ல் டோக்கியோவில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. அதில் செந்தில், வடிவேலு இருவருமே உண்டு. தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாத ஜப்பானியர்கள், திரையின் ஓரத்தில் ஓடும் ஜப்பானிய எழுத்தைப் படித்துக்கொண்டு நம் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாத மாதிரிதான்!

இப்போது நான் பள்ளியில் பார்த்த இரண்டு விழுதல்களைச் சொல்ல வேண்டும். மழைக்காலம். தண்ணீர்க் குழாயடியில் பாசி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வழுக்கி, தட்டும் சோறுமாக உட்கார்ந்த வாக்கில் சறுக்கிப் போனான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எழுந்து, கையைத் தூக்கி, "முதல் பரிசு எனக்குத்தான்!" என்றான். விழுந்தவனும் அவனே, வர்ணனையாளனும் அவனே. சிரிப்பு இரண்டு மடங்கானது. அதோடு முடிந்தும் போனது. அவனுக்குச் சோறு பங்கு கொடுக்க நான்கு பேர் வந்தார்கள்.

அதே இடத்தில் இன்னொரு நாள் ஒரு சிறுமி விழுந்தாள். வேறு யாரோ அவளுக்கு ஒரு பட்டப்பெயர் சொன்னார்கள். ஒரே ஒரு சொல். அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பு பையன் விழுந்தபோது வந்த அதே சத்தம்தான். ஆனால், அந்தப் பெயர் மறுநாளும் இருந்தது. அடுத்த மாதமும் இருந்தது. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வீட்டில் அழுகிறாள் என அவள் அம்மா வந்து சொல்லும்வரை இருந்தது. டகேஷி கோட்டைக்கு வந்தவர்கள் விழத்தான் போகிறோம் என்று தெரிந்து, தாமாகப் பெயர் கொடுத்து வந்தவர்கள். குழாயடிக்கு வந்தவள் தண்ணீர் பிடிக்க வந்தவள்.

இன்னொன்று. அந்தக் குளத்தில் விழுந்தவர் எழுந்தால் தலை வெளியே தெரியும். எங்கள் பக்கத்துக் கல்குவாரிக் குட்டைகளில் அப்படி இல்லை. ஆழம் தெரியாது, ஏறப் படியும் கிடையாது. கல் தாண்டும் விளையாட்டை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டிலேயே விளையாட ஒன்று சொல்கிறேன். டகேஷி கோட்டையை 2023-ல் ஜப்பானில் மறுபடியும் புதிதாக எடுத்தார்கள். அதுவோ, கிரிக்கெட்டோ, ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சியோ, கிடைப்பதைப் போடுங்கள். ரிமோட்டில் சத்தத்தைச் சுத்தமாக நிறுத்துங்கள். நீங்கள் ஐந்து நிமிடம் வர்ணனை கொடுங்கள். அடுத்த ஐந்து நிமிடம் தங்கை கொடுக்கட்டும். பிறகு பாட்டியைக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பாட்டிதான் ஜெயிப்பார்! அப்பா மதியம் தூங்கும் நேரமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.